ஒன்றேகாலுக்கு வரும் நண்பகல்

ஜார்ஜ்டவுனில் லைட் தெருவும் பீச் தெருவும் கூடும் முனையில் ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. விக்டோரியா மகாராணி அறுபது ஆண்டு ஆட்சியை முடித்ததற்காக, சியா சென் இயோக் என்ற பினாங்குச் செல்வர் 1897இல் தன் செலவில் அதை எழுப்பிக் கொடுக்க முன்வந்தார். ஆண்டுக்கு ஓர் அடி என்று அறுபது அடி உயரம். இரண்டாம் உலகப் போரில் பக்கத்தில் விழுந்த குண்டுகளின் அதிர்ச்சியில் கொஞ்சம் சாய்ந்துபோனது. இன்றும் சாய்ந்தேதான் நிற்கிறது.

ஏப்ரல் முதல் வாரத்தில் ஒருநாள் சூரியன் இந்தத் தீவுக்கு நேர் உச்சியில் வரும். அன்றைக்குப் போய் அந்தக் கூண்டின் நிழலைப் பாருங்கள். கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும்போது நிழல் மேற்கே இருபது அடிக்கு மேல் நீண்டு கிடக்கும். அது சுருங்கிச் சுருங்கிக் காலடியில் மறைய ஒன்று இருபது ஆகிவிடும். நமக்கு நண்பகல் பன்னிரண்டுக்கு வருவதில்லை. ஒன்றேகால், ஒன்றரைக்கு வருகிறது.

கூண்டு சாய்ந்திருப்பதால் வந்த கோளாறு அல்ல இது. சந்தேகம் இருந்தால் சில தெரு தள்ளி, 1801இல் தமிழ் முஸ்லிம்களின் தலைவர் காதர் மொகிதீன் காலத்தில் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் போகலாம். லுஹர் தொழுகைக்கான நேரம் சூரியன் உச்சி சாய்ந்ததும் தொடங்கும். மனிதர் வைத்த கடிகாரத்துக்கு அது கட்டுப்படாது. சென்னையில் அந்த நேரம் பன்னிரண்டை ஒட்டியே தொடங்கிவிடும். இங்கே பாங்கு ஒலிக்கும்போது மணி ஒன்றைத் தாண்டியிருக்கும், வருடம் முழுக்க.

பிள்ளைகளின் கைப்பேசியையும் தூக்கத்தையும் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பினாங்கில் இருந்துகொண்டு கடிகாரத்தைத் தொடாமல் அந்தக் கதையைச் சொல்ல முடியவில்லை.

பினாங்கு ஏறக்குறைய 100 பாகை 20 கலை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. சூரியக் கணக்கில் நாம் கிரீன்விச்சுக்கு 6 மணி 41 நிமிடம் முன்னே. ஆனால் நம் கைக்கடிகாரம் காட்டுவது 8 மணி நேரம் முன்னே. இந்த வித்தியாசம் ஒரே நாளில் வந்ததல்ல. 1905இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கு 7 மணி நேரம் என்று வைத்தார்கள். 1933இல் பகல் வெளிச்சத்தை மிச்சம் பிடிப்பதாகச் சொல்லி 20 நிமிடம் கூட்டினார்கள். 1941இல் அது அரை மணி ஆனது. ஜப்பானியர் வந்ததும் டோக்கியோ நேரம், 9 மணி. அந்த நாட்களில் இங்கே சூரியன் எட்டு மணிக்கு மேல்தான் எழுந்தது. போர் முடிந்து பழையபடி ஏழரைக்கு வந்தோம். பிறகு சபா, சரவாக்கோடு தீபகற்பத்தின் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று, 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரையிலிருந்த முள்ளை நேரே நள்ளிரவுக்குத் தள்ளினார்கள். அந்த அரை மணியைப் பிறகு யாரும் திருப்பித் தரவில்லை. எல்லாம் கூட்டிப் பார்த்தால் இன்று நமக்கும் சூரியனுக்கும் 79 நிமிடம் இடைவெளி. நாழிகைக் கணக்கில் மூன்றேகாலுக்குச் சற்றே கூடுதல்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ராகு காலத்தைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவதுதான் முறை. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது என்று நாம் மனப்பாடமாக வைத்திருப்பது, ஆறு மணிக்குச் சூரியன் எழும் ஊருக்கான கணக்கு. ஆண்டின் எந்த நாளிலும் ஏழு மணிக்கு முன் சூரியன் எழாத பினாங்கில் அது எட்டே முக்காலை ஒட்டித் தொடங்க வேண்டும். ஏழரைக்குப் பயந்து வீட்டிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு ஒன்பதுக்குக் கிளம்புகிறவர் நேரே போய் அதில் விழுகிறார்.

என் அக்காள் மகளுக்குப் பதினான்கு வயது. ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடு, படிவம் இரண்டு. பள்ளி வேன் ஆறேகாலுக்குக் கீழே வந்து ஹாரன் அடிக்கும். அந்த நேரத்துக்கு ஆண்டின் 365 நாளும் வெளியே கும்மிருட்டு. ஐந்தரைக்கு எழுந்தால்தான் குளித்து, மைலோ குடித்து, ஓடிப் போய் ஏற முடியும். இரவு பதினொன்றே முக்காலுக்கு அவள் அறையின் கதவிடுக்கில் நீலமாக ஒரு கோடு தெரியும். “இன்னும் தூங்கலையா?” என்றால், “ஒரே ஒரு வீடியோ மாமா” என்று பதில் வரும். அந்த ஒன்று எத்தனையாவது ஒன்று என்று நான் கேட்டதில்லை.

பதினொன்றே முக்காலிலிருந்து ஐந்தரை வரை எண்ணினால் ஐந்தே முக்கால் மணி நேரம். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரம், பதின்மூன்று முதல் பதினெட்டு வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று 2016இல் அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் வரையறுத்தது. அவளுக்கு ஒவ்வோர் இரவும் குறைந்தது இரண்டேகால் மணி நேரம் கடன்.

கடன் வாங்கியது எங்கிருந்து என்பதில்தான் எனக்கு ஆர்வம். நம் முன்னோர் நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றும் பத்து நாழிகை. இரவு பத்து முதல் இரண்டு வரை யாமம், இரண்டு முதல் ஆறு வரை வைகறை. இது சூரியனின் மணி. நம் ஐந்தரையைச் சூரியனின் மணிக்கு மாற்றினால் 4.11 ஆகிறது. வைகறையின் நட்டநடு. தூக்கம் சுமார் ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக நடக்கிறது. முதல் சுற்றுகளில் ஆழ்ந்த உறக்கம் கூடுதல், கண்மணிகள் மூடிய இமைக்குள் ஓடும் கனவுத் தூக்கம் பெரும்பாலும் இரவின் கடைசிப் பகுதியில். ஆகவே அலாரம் வெட்டி எறிவது எல்லாத் தூக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக அல்ல. கனவின் பங்கையே பெருமளவில் வெட்டுகிறது.

உடலுக்கு மணி சொல்வது யார்? மூளைக்குள், இரண்டு கண்களின் பார்வை நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, அரிசி மணியைவிடச் சிறிய இரண்டு செல் கொத்துகள் இருக்கின்றன. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய இருபதாயிரம் நரம்புச் செல்கள். உடலின் மூலக் கடிகாரம் அதுதான். இருட்டு அறையில் பூட்டி வைத்தாலும் அது ஓடும். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்று மெதுவாக. தினமும் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அது தன்னைத் திருத்திக்கொள்கிறது. இரவு வந்ததை உடலுக்கு எப்படிச் சொல்கிறது, வெளிச்சத்தை எப்படிப் பார்க்கிறது என்ற கேள்விகளுக்கு விடை தவளையின் தோலிலிருந்து வந்தது. இரண்டு முறை.

முதல் முறை: 1917இல் இரண்டு அமெரிக்கர்கள் மாட்டு மூளையின் நடுவிலிருக்கும் பீனியல் சுரப்பியை அரைத்துத் தலைப்பிரட்டைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கருப்பாக இருந்த குஞ்சுகள் உள்ளே குடல் தெரியுமளவுக்கு வெளிறிப்போயின. நாற்பது ஆண்டுகள் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆரன் லெர்னர் என்ற யேல் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் எடுத்துக்கொண்டார். தோலில் வெண்புள்ளி ஏன் விழுகிறது என்று தேடிக்கொண்டிருந்தவர் அவர். கசாப்புக் கூடங்களிலிருந்து ஆயிரக்கணக்கான மாட்டுப் பீனியல் சுரப்பிகளை வாங்கி, வடித்து, கழித்து, 1958இல் தவளைத் தோலை வெளுக்கவைக்கும் அந்தப் பொருளைத் தனியே பிரித்தார். மெலடோனின் என்று பெயரிட்டார். வெண்புள்ளிக்கு அது உதவவில்லை. ஆனால் இருட்டியதும் மூளை ரத்தத்தில் கலந்துவிடும் ‘இரவு வந்துவிட்டது’ என்ற செய்தியே அதுதான் என்பது பின்னால் தெரிந்தது.

இரண்டாம் முறை: 1998இல் இக்னாசியோ புரோவென்சியோவும் கூட்டாளிகளும் ஆப்பிரிக்க நகத்தவளை ஒன்றின் தோலை ஆராய்ந்தார்கள். அந்தத் தோல் வெளிச்சம் பட்டால் தானாகவே நிறம் மாறும். கண்ணின் உதவி தேவையில்லை. அதற்குக் காரணமான ஒளியுணர் புரதத்தைக் கண்டுபிடித்து மெலனாப்சின் என்றார்கள். பிறகு அதே புரதம் மனிதக் கண்ணின் விழித்திரையிலும் இருப்பது தெரியவந்தது. ஆனால் நாம் பார்ப்பதற்குப் பயன்படும் செல்களில் இல்லை. விழித்திரையின் வேறோர் அடுக்கில், மிகச் சொற்பமான சில செல்களில். அவை தாமாகவே ஒளியை உணர்கின்றன என்று 2002இல் டேவிட் பெர்சன் குழு நிறுவியது. அவற்றுக்கு முகம் தெரியாது, எழுத்துத் தெரியாது. பகலா இரவா என்பது மட்டும் தெரியும். பார்வை முற்றிலும் இழந்தவர்களிலும் சிலருக்கு இவை பழுதின்றி இருக்கும். அவர்களின் உடல் சூரியனோடு சேர்ந்தே எழும், சேர்ந்தே அடங்கும்.

இந்தச் செல்கள் மிக எளிதில் கிளர்வது 480 நானோமீட்டரை ஒட்டிய ஒளிக்கு. தெளிந்த வானத்தின் நீலம் அது. கைப்பேசித் திரையின் வெள்ளைக்குள் தாராளமாகக் கலந்திருக்கும் நீலமும் கிட்டத்தட்ட அதே பக்கத்தில்தான் விழுகிறது.

பிள்ளைகளின் கண்மணி பெரியவர்களுடையதைவிட அகன்றது, வில்லை தெளிவானது. வயது ஏற ஏறத்தான் வில்லை மஞ்சள் படிந்து நீலத்தை வடிகட்டும். ஜப்பானில் ஷிகெகாசு ஹிகுச்சி குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வெளிச்சத்தில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் மெலடோனின் பெரியவர்களுடையதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு அடங்கிப்போனது. அப்பாவுக்கு ஒன்றும் செய்யாத கூடத்து விளக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எட்டு வயது மகனுக்குப் பகலாக இருக்கலாம்.

இங்கேதான் பெரும்பாலான கட்டுரைகள் முடிகின்றன. நீல ஒளி கெட்டது, திரையை மஞ்சளாக மாற்று, வேலை முடிந்தது. எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். பாஸ்டனில் ஒரு மருத்துவமனையில் 12 பேரை இரண்டு வாரம் தங்கவைத்து ஆராய்ந்தார்கள். மங்கிய அறையில், தூங்குவதற்கு முன் நான்கு மணி நேரம், ஐந்து இரவு, ஒளிரும் திரையில் வாசிப்பு. பிறகு அதே அளவுக்கு அச்சுப் புத்தகம். 2015இல் வெளிவந்த முடிவில் திரை வாசிப்பு மெலடோனின் எழுச்சியை ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போட்டிருந்தது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் தூங்கிப்போக எடுத்துக்கொண்ட கூடுதல் நேரம் எவ்வளவு? ஏறக்குறைய பத்து நிமிடம். திரையை மஞ்சளாக்கும் வசதியை 2021இல் 167 இளைஞர்களிடம் சோதித்தபோது, அதைப் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் தூக்கத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

பத்து நிமிடத்தால் யாரும் கெட்டுவிடப் போவதில்லை. என் மருமகளுக்குக் காணாமல்போவது இரண்டேகால் மணி நேரம். அதை விழுங்குவது வெளிச்சம் மட்டுமல்ல.

நான் சிறுவனாக இருந்தபோது ஆர்டிஎம் தொலைக்காட்சி நள்ளிரவை ஒட்டி ‘நெகாராக்கூ’ பாடிவிட்டு மூடிக்கொள்ளும். அதற்கப்புறம் திரையில் இரைச்சலும் புள்ளிகளும்தான். அரசாங்கமே வந்து ‘போய்ப் படு’ என்று சொன்ன மாதிரி. புத்தகத்திலும் அத்தியாயம் முடியும். கேரம் ஆட்டமும் முடியும். கைப்பேசியில் முடிவு என்ற ஒன்றைத் திட்டமிட்டே எடுத்துவிட்டார்கள். பக்கத்தின் அடியை எட்டும் முன்பே அடுத்தது தானாக வந்து நிற்கும் உத்தியை 2006இல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின். பின்னாளில் அதற்காக அவரே வருந்தினார். தூக்கம் என்பது ஒரு காரியத்தை நிறுத்திவிட்டுச் செய்யும் காரியம். நிறுத்த இடமே இல்லாத காரியத்தின் அருகில் அது எப்படி வரும்?

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் இதை நேரில் பார்க்கவே முடிவுசெய்தார்கள். 79 பிள்ளைகள், மாலையில் நெஞ்சில் மாட்டிய கேமரா, படுக்கையில் இருட்டிலும் படம் பிடிக்கும் கேமரா. 2024இல் முடிவு வெளிவந்தது. படுக்கைக்குப் போகும் முன் பார்த்த திரை தூக்கத்தைப் பெரிதாகக் குறைக்கவில்லை. படுக்கைக்குள் வந்த திரைதான் குறைத்தது; அதிலும் சும்மா பார்ப்பதைவிட விளையாட்டும், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வேலையும். இதற்கு முன்பே, 2016இல், 20 ஆய்வுகளையும் 1,25,198 பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்த கணக்கு ஒன்று இன்னும் விநோதமான ஒன்றைச் சொல்லியிருந்தது. படுக்கும் நேரத்தில் கருவியைப் பயன்படுத்தாமல், அறையில் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்த பிள்ளைகளிடமும் தூக்கக் குறைவு கூடுதலாகக் காணப்பட்டது. நண்பர்கள் குழுவில் இப்போது என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்ற எண்ணத்துக்கு நீல ஒளி எதற்கு?

சரி, கைப்பேசி இரவின் முன்வாசலில் நுழைந்து திருடுகிறது. பின்வாசலைத் திறந்துவைத்தது யார்?

பருவமெய்தும் வயதில் உடல் கடிகாரம் தானாகவே பின்னுக்குப் போகும். இதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்த காலத்தில், பிரவுன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்கேடன் எச்சிலில் மெலடோனினை அளந்து, பதின்ம வயதினருக்கு இரவே தாமதமாகத்தான் தொடங்குகிறது என்று காட்டினார். இருபது வயதை ஒட்டித்தான் அது மறுபடி முன்னே நகரத் தொடங்கும். அப்படிப்பட்ட பிள்ளையைச் சூரியனின் 4.11க்கு எழுப்புகிறோம்.

அதோடு, கடிகாரத்தைத் திருத்தும் ஒளிக்கு இரண்டு முகம் உண்டு. உடல் வெப்பம் ஆகக் குறையும் நேரம் இயல்பாக விழிப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு வரும். அதற்குப் பின் கண்ணில் படும் ஒளி கடிகாரத்தை முன்னே நகர்த்தும். அதற்கு முன் பட்டால் பின்னே தள்ளும். விட்டுவிட்டால் எட்டரைக்குத்தான் விழிக்கக்கூடிய ஒரு பிள்ளைக்கு அந்தத் திருப்புமுனை ஐந்தரை, ஆறை ஒட்டி வருகிறது. இருட்டில் எழுப்பி விளக்கைப் போடுகிறோம். வேனில் ஏறியதும் அவள் கைப்பேசியைத் திறக்கிறாள். காலை வெளிச்சம் செய்ய வேண்டிய வேலையை அந்த வெளிச்சம் செய்யாமல் போகலாம், எதிர் வேலையையே செய்யலாம். உண்மையான சூரியன் வரும்போது அவள் வகுப்பறைக்குள்.

மாலையில் நம் ஊரில் ஏழு மணிக்கு மேல்தான் பொழுது சாயும், சில மாதங்களில் ஏழரைக்கும் மேல். ஏழு மணி வரை திடலில் பந்து விளையாடலாம் என்பது பெரிய சுகம், மறுக்கவில்லை. அதற்கும் விலை இருக்கிறது. குஜராத்துக்கும் அசாமுக்கும் ஒரே கடிகாரத்தை வைத்திருக்கும் இந்தியாவில் மௌலிக் ஜக்னானி என்ற பொருளியலர் கணக்குப் போட்டுப் பார்த்தார். சூரியன் ஒரு மணி நேரம் தாமதமாக மறையும் இடங்களில் பிள்ளைகள் சுமார் அரை மணி நேரம் குறைவாகத் தூங்குகிறார்கள். தாமதமாகப் படுக்கிறார்கள், பள்ளி மணி மட்டும் தள்ளிப்போவதில்லை. சூரியனைவிட 79 நிமிடம் முன்னே ஓடும் கடிகாரத்தோடு பினாங்குப் பிள்ளைகளும் அதே நிலையில்தான் இருக்கிறார்கள்.

2026 முதல் பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்று 2025 நவம்பரில் மலேசிய அரசு அறிவித்தது. கைப்பேசி என்றால் எல்லாருக்கும் கோபம் வருகிறது, சட்டமும் வருகிறது. ஏழரைக்கு அடிக்கும் பள்ளி மணியைப் பற்றி யாரும் குரல் உயர்த்தக் காணோம். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2016இல் மேல்நிலைப் பள்ளிகளின் தொடக்கத்தை 7.50லிருந்து 8.45க்குத் தள்ளியது. பிள்ளைகள் அந்த நேரத்தையும் திரையில் கரைப்பார்கள் என்று பலர் சொன்னார்கள். கையில் பட்டை கட்டி அளந்து பார்த்தால் நாள் ஒன்றுக்கு 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். கைப்பேசி அங்கேயும் இருந்தது. நம் ஏழரை, சூரியனின் ஆறேகாலைக்கூடத் தொடவில்லை என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் இந்நாட்டின் முதல் தமிழ் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகள் சூரியன் சொன்ன நேரத்தில் வாழ்ந்தவர்கள்; கும்மிருட்டான ஓர் ஆறேகால் மணியை அவர்கள் கண்டிருக்க மாட்டார்கள்.

பள்ளி மணி மாறும்வரை கையில் இருப்பது பகல்தான். ஸ்வீடனின் உப்சாலாவில் 14 பேரை ஆறரை மணி நேரம் நல்ல வெளிச்சத்தில் உட்காரவைத்துவிட்டு, இரவு இரண்டு மணி நேரம் திரையில் வாசிக்கச் சொன்னார்கள். மெலடோனின் அசையவில்லை. பகலை வயிறாரத் தின்ற கண் இரவின் சில்லறை வெளிச்சத்துக்கு ஏமாறுவதில்லை போலும். வகுப்பறையில் 300 லக்ஸ் வெளிச்சம் இருந்தால் அதிகம். வெளியே மரநிழலிலேயே அது பல ஆயிரத்தைத் தொடும். திங்கட்கிழமை காலைத் திடலில் நிற்கவைத்து நடக்கும் சபைகூடலைத் தலைமையாசிரியரின் நீளமான உரைக்காக நாங்கள் எல்லாரும் வெறுத்தோம். அந்த வாரத்தின் மிகச் சிறந்த மருந்து அதுவாகத்தான் இருந்திருக்கும்.

இதையெல்லாம் ஒருநாள் மாலை மருமகளிடம் சொன்னேன். தவளைக் கதை பிடித்திருந்தது. 1981இன் அந்த அரை மணி நேரம் எங்கே போனது என்று கேட்டாள். கைப்பேசியைக் கூடத்தில் வைத்துவிட்டுப் படு என்றதும் முகம் மாறியது.

“போன்லதானே மாமா அலாரம் இருக்கு?”

அதுவும் உண்மைதான். தூங்கவிடாததும் எழுப்புவதும் ஒரே பொருள். மறுநாள் கேம்பல் தெருப் பக்கம் போய்ப் பழைய மாதிரி இரண்டு மணி வைத்த அலாரக் கடிகாரம் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் மின்கலம் போட்டு, முள்ளைச் சுற்றி, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து நேரம் வைத்துக் கொடுத்தார். வெளியே வந்தபோது மணி பன்னிரண்டு பத்து. என் நிழல் எனக்கு முன்னால், மேற்கே நீண்டு நடந்துகொண்டிருந்தது.